அம்மா நடையை நிறுத்திய மாதங்கள்

என் அம்மாவைப் பார்த்து, "நீங்க நூறு வயசு இருப்பீங்க" என்று யாராவது சொன்னால் அவர் முகம் சட்டென்று சுருங்கிவிடும். சொல்கிறவர்கள் அதைக் கவனிப்பதில்லை. எண்பதைத் தாண்டிய ஒரு பெண்மணி கோல் ஊன்றாமல், யார் கையையும் பிடிக்காமல், தண்ணீர்மலைப் பூந்தோட்டத்து ஏற்றத்தில் தங்களை முந்திக்கொண்டு போவதைப் பார்த்த வியப்பில் சொல்கிறார்கள். அம்மா ஒரு தலையசைப்போடு நகர்ந்துவிடுவார். தன்னடக்கம் என்றுதான் நான் பல ஆண்டுகள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

நாங்கள் இருப்பது தண்ணீர்மலைச் சாலைக்குப் பக்கத்தில் ஓர் அடுக்குமாடி வீட்டில். நான், என் கணவர், அம்மா. ஒரே மகன் சிங்கப்பூரில் வேலை செய்கிறான். கணவர் மாக் மண்டினில் ஒரு தொழிற்சாலையில் இயந்திரங்களைப் பழுதுபார்க்கிறார். எனக்கு செபராங் ஜெயாவில் ஓர் அலுவலகத்தில் கணக்கு வேலை. காலையில் தீவிலிருந்து பெருநிலத்துக்குப் பாலத்தைக் கடந்து போனால் நாற்காலியில் உட்கார்ந்து, அங்கேயே சாப்பிட்டு, மாலையில் மறுபடியும் பாலத்து நெரிசலில் நின்று வீடு வந்து சேரும் வாழ்க்கை.

அம்மா விடியும் முன்பே எழுந்துவிடுவார். சீனி போடாத கறுப்புக் கோப்பி. பிறகு கான்வாஸ் சப்பாத்தை மாட்டிக்கொண்டு பூந்தோட்டத்துக்கு நடை. வெயில் ஏறுவதற்குள் திரும்பி வந்து அவித்த கடலையோ இரண்டு தோசையோ சாப்பிடுவார். மதியம் ஒரு பிடி சோறு, அதைவிட இரண்டு மடங்கு கீரை, ஒரு துண்டு மீன். பொழுது சாயும் முன் கேழ்வரகுக் கஞ்சி. அதற்குமேல் தண்ணீரைத் தவிர எதையும் தொடமாட்டார். கோயிலில் பெண்கள் அவரைச் சூழ்ந்துகொண்டு என்ன சாப்பிடுகிறீர்கள், எப்படி இப்படி இருக்கிறீர்கள் என்று கேட்பார்கள். அம்மாவுக்குச் சொல்ல ஒன்றும் இருக்காது. சுங்கை பாக்காப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர் அவர். பிள்ளைகளுக்குப் போட்டுவிட்டு மிச்சத்தைச் சாப்பிட்டுப் பழகியவர். இருட்டில் எழுந்து மலைச்சரிவில் மரத்துக்கு மரம் நடந்து பழகியவர். தோட்டத்தைப் பற்றி ஒரு நாளும் ஏங்கிப் பேசியதில்லை. அட்டையும் மழையும் கங்காணியின் வசவும்தான் அவருக்கு நினைவிருந்தன. ஆனால் அந்த வாழ்க்கை அவர் உடம்பை ஒரு விதமாகப் பழக்கிவிட்டது. தோட்டம் விற்கப்பட்டு வீடமைப்புத் திட்டமாக மாறி, நாங்கள் தீவுக்கு வந்த பிறகும் அந்த உடம்பு மாறவில்லை.

மாறியது நாங்கள்தான்.

அண்ணன் லாரி ஓட்டினார். பட்டர்வொர்த் துறைமுகத்திலிருந்து தெற்கே போய்வரும் நீண்ட பயணங்கள். தூக்கம் வராமலிருக்க இனிப்பான பானங்கள், சாலையோரக் கடைகளில் எண்ணெய் மிதக்கும் கறிச்சோறு, ஓயாத சிகரெட். ஐம்பதை எட்டுவதற்குள் ஒரு பெட்ரோல் நிலையத்தில் லாரியை நிறுத்திவிட்டு இறங்கியவர், கதவைப் பிடித்தபடியே சரிந்து விழுந்தார். செய்தி வந்தபோது அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

அக்கா மின்னணுத் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை பார்த்தார். கெட்டிப்பால் ஊற்றிய தேத்தண்ணீர் இல்லாமல் அவரால் நிற்க முடியாது. இனிப்புநீர் என்கிற சர்க்கரை நோய் இருப்பது தெரிந்தும் பரிசோதனைக்குப் போகப் பயந்து, நாளை போகலாம், அடுத்த மாதம் போகலாம் என்று தள்ளிக்கொண்டே வந்தார். முதலில் கால் விரலில் ஆறாத ஒரு புண். பிறகு கால் வீங்கியது. பிறகு சிறுநீரகம். வாரந்தோறும் இயந்திரத்தில் ரத்தம் சுத்திகரிக்கும் அந்த மையத்தின் வாசலில் அம்மா ஒரு பையோடு உட்கார்ந்திருப்பார். வெளியே வரும்போது அக்காவின் முகம் சாம்பல் பூசியதுபோல் இருக்கும். அம்மா அவரைத் தாங்கிப் பிடித்து அழைத்து வருவார். பார்க்கிறவர்களுக்கு யார் மகள், யார் தாய் என்று குழப்பமாக இருக்கும். அக்காவும் போய்விட்டார்.

இரண்டு முறையும் வீட்டில் சடங்கு நடந்தபோது நான் கவனித்த ஒன்று உண்டு. கட்டிக்கொண்டவர்களுக்கு ஓரிடம் இருந்தது, பிள்ளைகளுக்கு ஓரிடம் இருந்தது, தங்கை எனக்குக்கூட ஓரிடம் இருந்தது. பெற்றவளை எங்கே நிற்க வைப்பது என்று யாருக்கும் தெரியவில்லை. அம்மா சுவரோரமாக, வந்தவர்களின் செருப்புகளுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்.

மிச்சமிருந்தது நான் மட்டும்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, நாற்காலியில் உட்கார்ந்து நகம் வெட்டிக்கொண்டிருந்தேன். அலுவலகத்தில் ஒரு விருந்துக்காகப் புதுச் செருப்பு வாங்கியிருந்தேன். அது கடித்த இடத்தில், வலது காலின் சுண்டுவிரல் ஓரத்தில், தோல் உரிந்து ஈரமாக இருந்தது. அதை நான் பார்க்கவே இல்லை. எனக்கு வலிக்கவும் இல்லை. துடைப்பத்தோடு வந்த அம்மாதான் பார்த்தார்.

"கால்ல என்ன அது?"

"செருப்பு கடிச்சிருக்கும்மா."

"எப்ப?"

யோசித்துப் பார்த்தேன். விருந்து முடிந்து வாரங்கள் ஆகியிருந்தன. அம்மா துடைப்பத்தைக் கீழே வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்து என் காலைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். புண்ணைச் சுற்றி விரலால் மெல்ல அழுத்தினார்.

"வலிக்குதா?"

"இல்ல."

"இங்க?"

"இல்லம்மா. ஏன் இப்படிப் பாக்கறீங்க?"

அவர் என் பாதத்தைத் திருப்பி மற்ற விரல்களையும் ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தார்.    இதே காலை, இதே இடத்தில், அக்காவுக்கும் அவர் இப்படித்தான் பிடித்துப் பார்த்திருந்தார்.

மறுநாள் அரசாங்க கிளினிக்குக்குப் போனோம். நான் வேண்டாம் என்று சொல்லியும் அம்மா கூட வந்தார். ரத்தம் எடுத்தார்கள், சிறுநீர் எடுத்தார்கள். முடிவு வந்ததும் மறுபடி கூப்பிட்டார்கள். மலாய்க்கார டாக்டர், என் மகன் வயதுதான் இருக்கும் அந்தப் பெண்ணுக்கு. இனிப்புநீர் எனக்கு வந்து சில ஆண்டுகளாவது ஆகியிருக்கும், எனக்குத்தான் தெரியவில்லை என்றார். சிறுநீரில் புரதம் கசிவதாகவும், சிறுநீரகத்தில் அது முதல் அறிகுறி என்றும் நிதானமாக மலாயில் விளக்கினார். பிறகு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த அம்மாவைக் கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்து, அவருக்கு என்ன நோய் என்று கேட்டார்.

ஒன்றுமில்லை, மருந்து எதுவும் சாப்பிடுவதில்லை, வயது எண்பதுக்குமேல் என்றேன்.

அவர் வியந்து சிரித்தார். நல்ல மரபணு, நீங்கள் அதிர்ஷ்டசாலி என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அண்ணனும் அக்காவும் அதே வயிற்றில் பிறந்தவர்கள்தான் என்று சொல்ல நினைத்தேன். மருந்துச் சீட்டை வாங்கிக்கொண்டு எழுந்தேன்.

வெளியே வந்ததும் அம்மா எழுந்து நின்றார்.

"கிட்னியப் பத்தி ஏதாச்சும் சொன்னாங்களா?"

பொய் சொல்லலாம் என்றுதான் கதவுவரை நினைத்து வந்தேன். அவர் கண்ணைப் பார்த்ததும் முடியவில்லை.

"கொஞ்சமா கசியுதாம். இப்பத்தான் ஆரம்பம்னு சொன்னாங்க."

அம்மா என் மருந்துப் பையை வாங்கிக்கொண்டார்.  வீட்டுக்கு வந்து குளித்து, சாமி விளக்கை ஏற்றி, அதன் முன்னால் நின்றார். உட்காரவில்லை, கும்பிடவும் இல்லை. யாரிடமோ கோபத்தோடு பேச வந்தவர்போல் நின்றுகொண்டிருந்தார்.

அன்றிலிருந்து பயத்தோடுதான் சாப்பிட்டேன். சோற்றைப் பார்த்தால் பயம். இட்லியைப் பார்த்தால் பயம். அலுவலகத்தில் யாராவது பிறந்தநாள் கேக்கை நீட்டினால் அந்தத் தட்டு கண்ணுக்குப் பாம்பாகத் தெரிந்தது. விரலைக் குத்தி, சின்னக் கருவியில் எண் வரும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பேன். குளிக்கும்போது கால் வீங்கியிருக்கிறதா என்று கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பேன். அழுத்திய இடத்தில் குழி விழுந்தால் அன்று முழுக்க வேலை ஓடாது. கணவர் ஒருமுறை, "டாக்டர் சொன்னத செய்றேல்ல, பொறவு ஏன் இப்படிச் சாகறே?" என்றார். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். நான் எழுந்து அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

அந்தப் பயத்தில் நான் என்னை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தேன். அதனால்தான் அம்மாவிடம் ஏற்பட்ட மாற்றம் உடனே என் கண்ணில் படவில்லை.

முதலில் கஞ்சியை நிறுத்தினார். "பசிக்கலம்மா" என்பார். கீரை வாங்கிவந்து வைத்தால் வாடிக் கிடக்கும். என் தட்டில் மட்டும் கவனமாகக் கீரையும் மீனும் வைத்துக் கொடுப்பார். காலையில் வழக்கம்போல் சப்பாத்தை மாட்டிக்கொண்டு கிளம்புவார். ஆனால் திரும்பி வரும்போது வியர்வையே இருக்காது. முன்பெல்லாம் அவர் ரவிக்கையின் முதுகு முழுக்க நனைந்திருக்கும். பசாரில் கருவாடும் உப்பில் ஊறிய முட்டையும் வாங்கித் தனக்கென்று ஒரு டப்பாவில் வைத்துக்கொள்ள ஆரம்பித்தார். கேட்டதற்கு, "நாக்குக்குப் புடிக்குது, அதான்" என்றார். வாழ்நாளில் நாக்கைப் பற்றிப் பேசாதவர்.

சில மாதங்களில் முகம் உப்பியது. ஒரு மாலை துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். ஓடிப்போய்ப் பார்த்தேன். மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. கீழே பார்த்தேன். அவருடைய கணுக்கால்கள் இரண்டும் வீங்கியிருந்தன. என் காலில் தினமும் தேடிக்கொண்டிருந்த வீக்கம் அவர் காலில் இருந்தது.

"அம்மா, டாக்டர்கிட்ட போவோம்."

"வயசாவுதுல்ல. வயசானா இப்படித்தான்."

"இத்தனை நாள் ஆவாத வயசு இப்ப மட்டும் ஆவுதா?"

"ஆவட்டுமே" என்றார். அதைச் சொன்னபோது அவர் குரலில் கவலையே இல்லை. என்னை அச்சுறுத்தியது அதுதான். அவர் வயிற்றில் ஏதோ கட்டி வளர்கிறது, அது அவருக்குத் தெரிந்துவிட்டது, எனக்கு மறைக்கிறார் என்று முடிவு செய்துகொண்டேன்.

அடுத்த சனிக்கிழமை அவர் கிளம்பிய கொஞ்ச நேரத்தில் நானும் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு பின்னாலேயே போனேன். எனக்கும் நடக்கச் சொல்லியிருந்தார்கள். அதுவரை எப்போது கேட்டாலும், "நீ தனியா நட, நான் வேகமாப் போவேன்" என்று அம்மா தட்டிக்கழித்துவிடுவார். அன்று அவரோடு சேர்ந்து நடப்பது, எங்கே மூச்சு வாங்குகிறது என்று கண்ணால் பார்ப்பது, வலுக்கட்டாயமாக ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவது என்று திட்டம்.

பூந்தோட்டத்து வாசலில் குரங்குகள் குப்பைத்தொட்டியைச் சுற்றி உட்கார்ந்திருந்தன. உள்ளே வயதானவர்கள் கைகளை ஆட்டிப் பயிற்சி செய்துகொண்டிருந்தார்கள். அவர்களில் ஒரு சீனப் பெண்மணியை எனக்குத் தெரியும். அம்மாவோடு பல ஆண்டுகளாக நடப்பவர். என்னைப் பார்த்ததும் கைகளை இறக்கிவிட்டு வேகமாக வந்தார். மலாயில், "உன் அம்மா எப்படி இருக்கிறார்? ஆஸ்பத்திரியில் இருக்கிறாரா?" என்று கேட்டார்.

நான் விழித்தேன்.

"ரொம்ப நாளாக வருவதில்லையே. நாங்கள் எல்லாரும் பயந்துகொண்டிருந்தோம்" என்றார்.

அன்று காலையும் அம்மா அந்தச் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வெளியே போனதை நான் என் கண்ணால் பார்த்திருந்தேன். எங்கே போகிறார்?  வழியில் எங்காவது விழுந்து கிடக்கிறாரோ என்று சாலையோரக் கால்வாய்களை எட்டிப் பார்த்தபடி திரும்பி ஓடினேன். நான் ஓடி எத்தனையோ ஆண்டுகள் இருக்கும்.  அண்ணன் லாரிக் கதவைப் பிடித்த காட்சி, நான் நேரில் பார்க்காத அந்தக் காட்சி, கண்முன் வந்து வந்து போனது.

எங்கள் வீட்டிலிருந்து இரண்டு சாலை தள்ளி ஒரு தமிழ் முஸ்லிம் சாப்பாட்டுக்கடை இருக்கிறது. அதைத் தாண்டி ஓடப் பார்த்தவள், உள்ளே கண் போனதும் நின்றுவிட்டேன். சுவரைப் பார்த்த கடைசி மேசையில் அம்மா உட்கார்ந்திருந்தார்.

அவர் முன்னால் கெட்டிப்பால் ஊற்றிச் சீனி தூவிய ரொட்டி சானாய். பக்கத்தில் பெரிய கண்ணாடிக் குவளையில் தே தாரெக், நுரை பொங்க ஆற்றிய இனிப்புப் பால்தேநீர். அம்மா ரொட்டியைப் பிய்த்து வாயில் வைத்து, கண்ணை மூடி, மென்று, கஷ்டப்பட்டு விழுங்கினார். கசப்பு மருந்தைக் குடிப்பவர்கள் அப்படித்தான் விழுங்குவார்கள். பிறகு அடுத்த துண்டைப் பிய்த்தார்.

கடைக்காரர் என்னைக் கண்டுகொண்டு கல்லாவிலிருந்து எழுந்து வந்தார். குரலைத் தாழ்த்திப் பேசினார்.

"அக்கா, நல்ல வேளை வந்தீங்க. அம்மா நெதமும் வர்றாங்க லா. ரெண்டு ரொட்டி, கெட்டிப்பால் சூசு அதிகமா ஊத்தச் சொல்றாங்க. நானும் சொல்லிட்டேன், அம்மா இந்த வயசுல இவ்ளோ சீனி வேணாம் லான்னு. 'நீ போடு தம்பி, எனக்கு வேணும்'னு சொல்றாங்க. நான் என்னக்கா செய்ய?"

நான் அம்மாவுக்கு எதிரே போய் உட்கார்ந்தேன். அவர் நிமிர்ந்து பார்த்தார். திடுக்கிடவில்லை. கையிலிருந்த துண்டை மெல்லத் தட்டில் வைத்தார்.

"என்னம்மா இது?"

"சாப்புடறேன்."

"நடக்கப் போறேன்னு சொல்லிட்டு இங்க வந்து உக்காந்திருக்கீங்க. மூச்சு வாங்குது, கால் வீங்குது. இதெல்லாம் உங்களுக்கு ஆவுமா? புடிச்சா சாப்புடறீங்க?"

"புடிக்கல" என்றார் அம்மா. "கொமட்டுது."

"பொறவு ஏன்?"

அவர் குவளையின் விளிம்பை விரலால் துடைத்தார். தெருவில் வேன் ஒன்று ஹாரன் அடித்துப் போனது. அது போகும்வரை காத்திருந்துவிட்டுச் சொன்னார்.

"நடந்தா உசுரு நீளுதாம். கோயில்ல சொல்றாங்க, டாக்டர் சொல்றாங்க, எல்லாரும் சொல்றாங்க. கீரை சாப்பிட்டா நீளுதாம். எனக்கு நீள வேணாம். அதான் நிப்பாட்டிட்டேன்."

எனக்குப் புரியவில்லை. பிறகு புரிந்தது. 

"உங்கண்ணன அனுப்பினேன். அக்காவ அனுப்பினேன்" என்றார். குரல் உயரவே இல்லை. பசாரில் மீன் விலை சொல்வதுபோல் சொன்னார். "மூணாவதும் பாத்துட்டு நான் கஞ்சி குடிச்சுக்கிட்டு நடந்துகிட்டு இருக்கணுமா? நான் முந்திப் போயிடறேன். நீ என் பின்னாடி எப்ப வேணாலும் வா."

நான் அழவில்லை. அவ்வளவு பயத்தில் அழுகை வரவில்லை. அவருடைய தட்டை என் பக்கம் இழுத்தேன். அவர் விடாமல் பிடித்துக்கொண்டார். எண்பது வயது தாண்டியவரும் ஐம்பது தாண்டியவளும் ஒரு தட்டுக்காக இழுபறி செய்வதைக் கடையே பார்த்துக்கொண்டிருந்தது. கடைக்காரர்தான் வந்து தட்டை மெதுவாக எடுத்துக்கொண்டு போனார்.

அம்மா எழுந்தார். நான்கைந்து எட்டு வைத்திருப்பார். ஒரு நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார். உதடுகள் நீலமாக இருந்தன. "மூச்சு…" என்றார்.

கணவருக்குப் போன் செய்தேன். அன்று அவருக்கு விடுமுறை என்பதால் நல்லவேளையாக வீட்டில் இருந்தார். அடுத்த நிமிடமே காரை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். பின்னிருக்கையில் அம்மாவின் தலை என் தோளில் இருந்தது. மூச்சு ஒவ்வொன்றும் ஈரத்துணியைப் பிழிவதுபோல் சத்தம் போட்டது. "அத்தை, கண்ணத் தொறந்து வெச்சுக்குங்க, தோ வந்தாச்சு" என்று கணவர் கண்ணாடியில் பார்த்துப் பார்த்துச் சொல்லிக்கொண்டே ஓட்டினார். நான் அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, ஒரு துடிப்பு முடிந்து அடுத்தது வருகிறதா என்று காத்திருந்தேன்.

அவசரப் பிரிவில் அம்மாவை உள்ளே கொண்டுபோய்விட்டார்கள். கதவு மூடிக்கொண்டது. வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோதுதான் அம்மா அந்த ரத்த சுத்திகரிப்பு மையத்தின் வாசலில் பையோடு உட்கார்ந்திருந்தது நினைவுக்கு வந்தது. அப்போது நான் அவரை ஒவ்வொரு முறையும் இறக்கிவிட்டு வேலைக்குப் போய்விடுவேன். உள்ளே படுத்திருப்பவருக்காக வெளியே காத்திருப்பவரின் பயம் எப்படிப்பட்டது என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. நோய் எனக்கு வந்தபோதுகூட நான் இவ்வளவு பயந்ததில்லை. ரொட்டியை விழுங்கும்போது அவர் ஏன் கண்ணை மூடிக்கொண்டார் என்பதும் அந்த நாற்காலியில் புரிந்தது.

இதயம் பலவீனமாகி நுரையீரலில் நீர் கோத்திருந்தது. ரத்தக் கொதிப்பு வெகுவாக ஏறியிருந்தது. லேசான கொதிப்பு முன்பே இருந்திருக்கலாம், நடையும் உப்புக் குறைந்த சாப்பாடும்தான் அதை இத்தனை காலம் அடக்கி வைத்திருக்கும், விட்டதும் கிளம்பிவிட்டது என்றார் வார்டு டாக்டர். தமிழ் இளைஞர். மருந்து கொடுத்து நீரை வெளியேற்றினார்கள். மூன்றாம் நாள் அம்மாவின் உதடுகளுக்கு நிறம் திரும்பியது. ஆஸ்பத்திரிக் கஞ்சியை ஒரு கரண்டி வாயில் வைத்துவிட்டு, "உப்பே இல்ல" என்றார். எனக்கு உயிர் வந்தது.

அன்று சுற்றுக்கு வந்த டாக்டரிடம் அம்மா தன்னைப் பற்றி எதுவும் கேட்கவில்லை.

"தம்பி, என் மகளுக்கு கிட்னி கசியுதாம். இவளுக்கு இன்னும் எத்தனை நாளு?"

டாக்டர் என்னைப் பார்த்தார். கிளினிக்கில் அவர்கள் சொன்னதையெல்லாம் நான் அவரிடம் சொன்னேன். என்ன மருந்து சாப்பிடுகிறேன் என்றும் கேட்டுக்கொண்டார். பிறகு அம்மாவின் கட்டிலருகே நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

"பாட்டி, நாள் கணக்கெல்லாம் யாராலும் சொல்ல முடியாது. ஆனா இவங்களுக்கு ஆரம்பத்துலயே கண்டுபிடிச்சிட்டாங்க. மருந்த விடாம சாப்பிட்டு, சீனியும் உப்பும் கொறைச்சு, நெதமும் நடந்தாங்கன்னா, இத ரொம்ப வருஷத்துக்கு இப்படியே நிறுத்தி வைக்கலாம். எல்லாருக்கும் அப்படி ஆவும்னு சத்தியம் பண்ண மாட்டேன். ஆனா நெறைய பேருக்கு ஆவுது."

"நிறுத்தி வைக்கலாமா?" அம்மா தலையணையிலிருந்து எழ முயன்றார். "என் மூத்த மகளுக்கு யாரும் இப்படிச் சொல்லலியே."

"அவங்க எப்ப வந்தாங்க ஆஸ்பத்திரிக்கு?"

"கால் ரெண்டும் வீங்கின பொறவு."

 அதைச் சொல்லிவிட்டு அம்மா கூரையைப் பார்த்தார். பிறகு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு அழுதார். அக்கா போனபோது அழுததைவிட அதிகமாக அழுதார். நான் அவர் முதுகைத் தடவிக்கொண்டிருந்தேன். எனக்காக அழுகிறாரா, அக்காவுக்காக அழுகிறாரா என்று நான் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்த அன்று, கருவாட்டு டப்பாவை எடுத்து என் கையில் கொடுத்து, "வெளிய போட்டுடு" என்றார்.  சில வாரங்கள் கழித்து இருவரும் பூந்தோட்டத்துக்குப் போனோம். ஏற்றம் வேண்டாம் என்று டாக்டர் சொல்லியிருந்ததால் சமதரையில் மெல்ல நடந்தோம். சீனப் பெண்மணி அம்மாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு மலாயில் திட்டித் தீர்த்தார். அம்மா வெட்கத்தோடு சிரித்தார். முன்பு எல்லாரையும் முந்திய அம்மாவை இப்போது எல்லாரும் முந்திப் போகிறார்கள். அந்த உடம்பு முழுதாகத் திரும்பி வரவில்லை. தன் வாழ்நாளில் முதல்முறையாகக் காலையில் மாத்திரை சாப்பிடுகிறார். அதை நான் எடுத்துக் கொடுப்பேன். என் மாத்திரையை அவர் எடுத்துக் கொடுப்பார். ஒருவர் விழுங்குவதை மற்றவர் பார்த்த பிறகுதான் கோப்பி.

இரவுச் சாப்பாட்டைப் பொழுதோடு முடித்துவிடுகிறேன். சோறு ஒரு பிடிதான். கால் புண் ஆறி, அந்த இடத்தில் பளபளப்பான ஒரு தடம் மட்டும் இருக்கிறது. அதைத் தொட்டுப் பார்க்கும் வழக்கம் என்னைவிட்டுப் போகவில்லை.

சென்ற மாதம் என் பரிசோதனை முடிவை வாங்கப் போனபோது அம்மாவும் வந்திருந்தார். கசிவு கூடவில்லை, கொஞ்சம் குறைந்தே இருக்கிறது என்றார் அந்த மலாய் டாக்டர். நான் தமிழில் சொன்னேன். அம்மா நம்பாமல், "இன்னொரு தடவ கேளு" என்றார். கேட்டேன். டாக்டர் சிரித்துக்கொண்டே மறுபடி சொன்னார்.

திரும்பி வந்தபோது எங்கள் கட்டடத்தில் மின்தூக்கி பழுதாகிக் கிடந்தது. படியேற ஆரம்பித்தோம். இரண்டாம் மாடித் திருப்பத்தில் அம்மா நின்றார்.

"உனக்கு மூச்சு வாங்குதா?"

"இல்லம்மா. உங்களுக்கு?"

"லேசா."

 அவரைப் படியில் உட்கார வைத்து நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவர் உதட்டின் நிறத்தைப் பார்த்தேன். அவர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். மேல்வீட்டுப் பெண் பசார் பையோடு எங்களைத் தாண்டி ஏறிப் போனாள். அம்மாவின் மூச்சு ஒருவழியாகச் சீரானது. கைப்பிடியைப் பற்றிக்கொண்டு எழுந்தார்.

"வா" என்றார். "மெல்லப் போவோம்."